முன்னிருக்கையில் ஒரு மூட்டை

ஷாப்லியாக்கில் செப்டம்பரிலேயே பல் கிட்டியது.
வாடகைக் காரின் கண்ணாடியில் படிந்த பனியை
ஏடிஎம் அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
விடுதிக்காரி ஸ்தனோய்கா
உருளைக்கிழங்கு மூட்டையை இடுப்போடு அணைத்தபடி வந்தாள்.
"கடலுக்குத்தானே."
கேள்வி இல்லை அது.
ஒரு துண்டுத்தாளில் தம்பி பெயர்: கவ்ரிலோ.
ஊர்: உல்ச்சின். படகுத்துறையில் கேட்டால் போதும்.
வேறொன்றும் சொல்லவில்லை.
கோழிகளைத் திட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

கிளம்பியதும் கார் கத்தத் தொடங்கியது.
பிங். பிங். பிங்.
இருபது கிலோவை ஆள் என்று நினைத்துவிட்டது.
நாலு கொண்டையூசி வளைவு பொறுத்தேன்.
தாரா பாலத்தருகே ஓரங்கட்டி
மூட்டைக்கு பெல்ட் மாட்டினேன்.
ரொம்பக் கீழே
உடைந்த சோடாபாட்டில் பச்சையில் ஆறு.
கயிற்றில் தொங்கி ஒருவன் பள்ளத்தைக் கடந்தான், அலறிக்கொண்டு.
கார் வாயை மூடிக்கொண்டது.

பதினோரு நாளாக
உணவகங்களில் எதிர்நாற்காலியில் பையை உட்காரவைத்துச் சாப்பிட்டவள் நான்.
வெயிட்டர்கள் இரண்டாவது தட்டை
சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போவார்கள்.
அந்தச் சத்தமின்மைதான் கேட்கும்.

மொராச்சா பள்ளத்தாக்கில் லாரி ஒன்று
என் பக்கக் கண்ணாடியை நக்கிவிட்டுப் போனது.
"அந்தப் பக்கம் இடமிருக்கா பாரு" என்றேன், தமிழில்.
மூட்டை கொஞ்சம் சாய்ந்து பார்த்தது.
பிறகு பேசிக்கொண்டே வந்தேன்.
பெட்ரோல் விலை. ஒற்றை அறைக்கும் இருவர் வாடகை வாங்குவது.
விவாகரத்துக் காகிதத்தில்
என் பெயரை அவர்கள் தவறாக அடித்திருந்தது.
சணலின் ஓட்டை வழியே மண் உதிர்ந்தது.

சோஸினா சுரங்கம் நாலு கிலோமீட்டர்.
நுழைந்தபோது ஜாக்கெட்.
வெளியே வந்தபோது ஒரு கையால் அதை உரித்துக்கொண்டிருந்தேன்.
கடல்
ஏற்கனவே வந்து காத்திருந்ததுபோல் இருந்தது, கொஞ்சம் சலிப்போடு.

கவ்ரிலோ ஒரு மோட்டாரின் வயிற்றுக்குள் கைவிட்டிருந்தான்.
கையைத் துடைக்காமலே மூட்டையை அவிழ்த்து
ஒரு கிழங்கை எடுத்து மோந்தான்.
"போன வருஷத்தைவிடச் சின்னது."
அடுத்ததை எடுத்தான். அதுவும் சின்னதுதான்.
பிறகு என்னைப் பார்க்காமல்,
"ஏதாவது சொன்னாளா?"

அவன் மொழியில் எனக்குப் பதினான்கு சொற்கள்.
பொய் சொல்ல அது போதாது.
"அங்கே குளிர்" என்றேன்.
அது பதில் என்பதுபோல்
வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து ஒரு பை கொண்டுவந்தான்.
"சோ" என்றான்.
விளங்காமல் விழித்தபோது ஒரு கல்லை நாக்கில் வைத்துக் காட்டினான்.
உப்பு.
உப்பளம் மூடி எத்தனையோ வருஷம்,
பாத்திகளில் இப்போது பூநாரைகள் நிற்கின்றன,
இது அவன் பதுக்கி வைத்ததில் மிச்சம்.
என் மொழியில் சோ என்பது
மழை கொட்டும் சத்தம் என்று சொல்ல நினைத்தேன்.
உப்புக் காய்ச்சியவனிடம் மழையைப் பற்றி எப்படிச் சொல்வது.

"திரும்ப மலைக்குப் போவாய்தானே."
இது கேள்வி.
தெற்கே கைகாட்டினேன்: ஷ்கோதர், அப்புறம் இன்னும் தெற்கே.
என் விரல் போன திசையை அவன் பார்த்தான்.
பார்த்துவிட்டு
முன்னிருக்கையில் பையை வைத்துக் கதவைச் சாத்தினான்.

ஐந்து கிலோ இருக்கும்.
கார் ஒன்றும் சொல்லவில்லை,
அந்த எடையை ஆளாக அது கணக்கெடுக்காது.
ஆலிவ் தோப்புகள் முடியும் இடத்தில் நிறுத்தி
நானாகவே பெல்ட் மாட்டினேன்.

எல்லைச் சாவடியில் எனக்கு முன் தர்பூசணி வேன்.
காவலர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்,
குனிந்து உள்ளே பார்த்தார்,
ஒரு விரலை உயர்த்தினார்: ஒருத்திதானா?
வாயைத் திறந்தேன்.
அப்போதுதான் பிடித்துக்கொண்டது,
தகரக் கூரைமேல், வேன்மேல், இரண்டு நாட்டின்மேலும்,
சோவென்று.

முதலில்
அந்தப் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினேன்.